முதன்முறை விண்ணப்பிக்கும் கலைஞருக்கு வாய்ப்பு உண்டா?

கேள்வி: தெருக்கூத்து ஜமா (குழு) ஒன்றில் முகவீணை என்ற சிறிய ஊதுகருவியை வாசிக்கிறேன். வயது 32. இதுவரை எந்த நிதியுதவியும் பெற்றதில்லை. மத்திய அரசின் இளநிலை ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பித்தால் என்னைப் போன்ற புதியவருக்குக் கிடைக்குமா?
– வாசகர், செய்யாறு

பதில்: கிடைக்க வாய்ப்பு உண்டு. முன்பே நிதி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இத்திட்டத்தில் இல்லை. பண்பாட்டு அமைச்சகத்தின் இந்த ஃபெலோஷிப்பில், 25 முதல் 40 வயது வரையுள்ளோருக்கான இளநிலைப் பிரிவில் மாதம் 10,000 ரூபாய் வீதம் 2 ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. இளநிலை, முதுநிலை இரண்டும் சேர்த்து ஓர் ஆண்டுக்கு 400 பேர் வரையே தேர்வாவார்கள். இசை, நடனம், நாடகம், ஓவியம், இலக்கியம் என எல்லாத் துறையினரும் நாடெங்கிலுமிருந்து போட்டியிடுவதால் எளிதில் கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். குடும்பத்துக்கு இத்தொகை மட்டும் போதாது என்பதால், கூத்து வருமானத்தை விட்டுவிடவும் வேண்டாம்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வேறோர் இடத்தில்தான். இது ஆய்வுக்கான உதவி. பயிற்சி பெறவோ பட்டறை நடத்தவோ தரப்படுவதன்று. எனவே "அழிந்துவரும் முகவீணையை இளைஞர்களுக்குக் கற்பிப்பேன்" என்று எழுதினால், எவ்வளவு உயர்ந்த நோக்கமாயினும் அது திட்டத்துக்குப் பொருந்தாது. மாறாக, ஹார்மோனியம் வந்த பிறகு கூத்தில் முகவீணையின் பங்கு எவ்வாறு மாறியது, அல்லது பாரதக் கூத்தின் எந்தக் கட்டத்துக்கு எந்த ராகத்தை மூத்த கலைஞர்கள் வாசித்தார்கள் என்று ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, எந்த ஜமாக்களைச் சந்திப்பீர்கள், யாருடைய வாசிப்பைப் பதிவு செய்வீர்கள், ஒவ்வோர் ஆறு மாதத்திலும் எதை முடிப்பீர்கள் என்று விளக்கினால், அதே ஆர்வம் ஆய்வுத் திட்டமாகிவிடும். பட்டம் பெற்ற ஆய்வாளருக்கு வாய்க்காத உள்ளறிவு உங்களிடம் இருப்பதை அந்த விவரங்களே காட்டும்.

ஆங்கிலத்தில் எழுதுவது தடையாகத் தோன்றினால், பெங்களூரில் இயங்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் என்ற தனியார் அறக்கட்டளையையும் அணுகலாம். 1995 முதல் நிதியுதவி வழங்கிவரும் அது, இந்திய மொழிகளில் எழுதப்பட்ட முன்மொழிவுகளை ஏற்கிறது, தமிழிலேயே அனுப்பலாம்.

முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதை உங்கள் வாசிப்பின் மீதான தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். திருத்தி அடுத்த அறிவிப்பில் மறுபடியும் அனுப்புங்கள். இப்போதைக்கு, வரும் கூத்துப் பருவத்திலேயே மூத்த முகவீணைக் கலைஞர் ஒருவரின் வாசிப்பை அவருடைய இசைவுடன் கைப்பேசியிலாவது பதிவு செய்து, ஊர், நாள், காட்சி ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வை நீங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டீர்கள் என்பதற்கு அது சான்றாக இருக்கும்.