லிப்சி6 ஏன் அடம் பிடிக்கிறது?

கேள்வி: 64 பிட் உபுண்டுவில் வைனுக்காக (விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) 32 பிட் பேக்கேஜ்களும் போட்டிருக்கிறேன். அப்கிரேட் கொடுத்தால் சில பேக்கேஜ்கள் மட்டும் 'கெப்ட் பேக்' (நிறுத்தி வைக்கப்பட்டவை) என்று நின்றுவிடுகின்றன. ஃபோர்ஸ் செய்து ஏற்றிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். லிப்சி6 (பெரும்பாலான புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி) மாதிரி லைப்ரரிகள் ஐ386 (32 பிட்), ஏஎம்டி64 (64 பிட்) என்று இரண்டாகவும் உட்கார்ந்திருக்கும்போது இரண்டின் வெர்ஷனும் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருந்தாக வேண்டும். லைப்ரரி ஃபைல்கள் தனித்தனி டைரக்டரியில் இருப்பதால் அங்கே சண்டை இல்லை, ஆனால் சேஞ்ச்லாக், காப்பிரைட் போன்றவை யூஎஸ்ஆர்-ஷேர்-டாக் டைரக்டரிக்குள் ஒரே ஃபைலாக இருக்கும், அதற்கு இரண்டு பேக்கேஜும் சொந்தக்காரர்கள், ஒரு பைட் மாறினாலும் பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி மறுத்துவிடும். அதனால் 64 பிட் புது வெர்ஷன் வந்து 32 பிட் இன்னும் மிரருக்கு (டவுன்லோட் சர்வர்) வரவில்லை என்றால் ஆப்ட் (பேக்கேஜ்களை இறக்கி டிபிகேஜியிடம் தரும் கருவி) பேசாமல் காத்திருக்கிறது. நீங்களும் ஒரு நாள் காத்திருங்கள், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். ('ஃபேசிங்' என்று காரணம் சொன்னால் அது வேறு கதை: உபுண்டு அப்டேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறது, உங்கள் முறை வரும்.)

நாள் கணக்கில் நகரவில்லையா? அப்போது சந்தேகப்பட வேண்டியது நீங்கள் சேர்த்த பிபிஏவை (உபுண்டுவுக்கு வெளியே மற்றவர்கள் நடத்தும் கூடுதல் பேக்கேஜ் களஞ்சியம்). பலர் அதில் 64 பிட்டுக்கு மட்டும் பில்ட் செய்து போட்டுவிடுவார்கள், 32 பிட் உபுண்டுவின் பழைய வெர்ஷனிலேயே நிற்கும், எத்தனை மாதம் காத்திருந்தாலும் சேராது. ஆப்ட் பாலிசி கொடுத்து, பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி வைத்து ஒருமுறை ஐ386, ஒருமுறை ஏஎம்டி64 என்று போட்டுப் பாருங்கள். 'கேண்டிடேட்' (ஏற்றப்போகும் வெர்ஷன்) வரி இரண்டிலும் வேறு வேறாக வந்தால் ஆள் அகப்பட்டார்! பிபிஏ-பர்ஜ் போட்டு பழையபடி உபுண்டு வெர்ஷனுக்கே இறங்கிவிடுங்கள். ஃபுல்-அப்கிரேட் கொடுப்பதாக இருந்தால் நீக்கப்போகும் பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்தாதீர்கள், வைனை மொத்தமாகத் தூக்கிவிட்டு 'முடிந்தது' என்று நிற்கும்.

கேள்வி: வைன் இனி தேவையில்லை. ஐ386-ஐ முழுதாக நீக்குவது எப்படி?

பதில்: முதலில் ஐ386 பேக்கேஜ்கள் எல்லாவற்றையும் பர்ஜ் செய்யுங்கள் (கான்ஃபிக் ஃபைல்களோடு சேர்த்து நீக்குவது), அப்புறம்தான் டிபிகேஜியின் ரிமூவ்-ஆர்க்கிடெக்சர். ஒரு பேக்கேஜ் மிச்சம் இருந்தாலும் டிபிகேஜி ஒத்துக்கொள்ளாது. ஸ்டீம் (கேம் வாங்கி விளையாடும் மென்பொருள்) வைத்திருந்தால் யோசித்துச் செய்யுங்கள், அதற்கும் 32 பிட் லைப்ரரிகள் வேண்டும். 2019-இல் வந்த 19.10 முதல் உபுண்டுவே ஐ386-இல் தேர்ந்தெடுத்த சில பேக்கேஜ்களைத்தான் தருகிறது.

கேள்வி: ஆர்ச் லினக்ஸிலும் இந்தத் தொல்லை உண்டா?

பதில்: குறைவு. 32 பிட் லைப்ரரிகள் எல்லாம் மல்டிலிப் என்ற தனி ரெப்போவில் (பேக்கேஜ் களஞ்சியம்), லிப்32 என்று தொடங்கும் தனிப் பெயரில் வரும். பாதியை மட்டும் அப்டேட் செய்யாமல் எப்போதும் முழு சிஸ்டத்தையும் ஒன்றாக ஏற்றுங்கள், போதும்.