ஜன்னலைத் திறப்பதும் நாடாவை அவிழ்ப்பதும்: பிரிவினைக் கதைகளில் பெண்கள் (கேள்வி பதில்)

1947 இந்தியப் பிரிவினை பற்றிய கதைகளில் பெண்கள் பட்ட பாடு குறித்து வாசகர்கள் கேட்டவை இவை. கதை முடிவுகளைத் தொடாமல் பதில் சொல்ல முடியாது; இன்னும் படிக்காதவர்கள் பார்த்துப் படிக்கவும்.

கேள்வி: இந்த வகை இலக்கியம் எனக்குப் புதிது. எதில் தொடங்கலாம்?

உருது எழுத்தாளர்கள் மண்ட்டோவின் ‘கோல் தோ’, ராஜிந்தர் சிங் பேதியின் ‘லாஜ்வந்தி’, அப்புறம் பஞ்சாபி எழுத்தாளர் அம்ரிதா ப்ரீதமின் ‘பிஞ்சர்’. முதல் இரண்டும் சிறுகதைகள், மூன்றாவது சின்ன நாவல். ஒருத்தி சிதைக்கப்படுகிறாள், ஒருத்தி வீடு திரும்புகிறாள், ஒருத்தி திரும்ப மாட்டேன் என்கிறாள். தடித்த நாவல்கள் பிறகு.

கேள்வி: ‘கோல் தோ’வைத் தமிழில் படித்தேன். கடைசிப் பத்தி உலுக்கிவிடும் என்றார்கள். எனக்கு என்ன நடந்தது என்றே சட்டெனப் பிடிபடவில்லையே, மேடம்?

குறை உங்களிடம் இல்லை, வினைச்சொல்லில் இருக்கிறது. அமிர்தசரஸிலிருந்து தப்பி வரும்போது மகள் சகீனாவைத் தொலைத்துவிடுகிறார் சிராஜுத்தீன். தேடித் தருகிறோம் என்று கிளம்புகிறார்கள் எட்டுத் தொண்டர்கள். கடைசியில் ரயில் பாதையோரம் நினைவின்றிக் கிடந்தவளாக அவள் முகாம் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறாள். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்: ‘கோல் தோ’. சகீனாவின் உயிரற்ற கைகள் சல்வார் நாடாவை அவிழ்த்துக் கீழே இறக்குகின்றன.

உருதுவில் ஜன்னலுக்கும் நாடாவுக்கும் ‘கோல்னா’ என்ற ஒரே வினைதான். தமிழில் ஜன்னலைத் திறக்கிறோம், நாடாவை அவிழ்க்கிறோம். ‘திற’ என்று போட்டால் அவள் கை ஏன் நாடாவுக்குப் போனது என்று வாசகர் ஒரு நொடி தடுமாறுவார். கதை மொத்தமும் அந்த நொடியில்தான் நிற்கிறது. ‘அவிழ்’ என்று போட்டால் ஜன்னல் போய்விடும். என்னைக் கேட்டால், டாக்டர் வாயில் அந்த உருதுச் சொல்லையே விட்டுவிடலாம்.

இன்னொன்றும் பலர் கண்ணில் படுவதில்லை. அவளைச் சிதைத்த அந்த எட்டுப் பேரும் எதிர்த்தரப்பு ஆட்கள் அல்லர். அவளை மீட்கக் கிளம்பிய சொந்தத் தரப்பு இளைஞர்கள்.

கேள்வி: லாஜ்வந்தியைக் கணவன் ஏற்றுக்கொள்கிறானே, அது நல்ல முடிவுதானே?

சுந்தர்லால் ஏற்றுக்கொள்கிறான், மறுக்கவில்லை. கடத்தப்பட்ட பெண்களை மனத்தில் குடியேற்றுங்கள் என்று தெருத்தெருவாகப் பாடிப் போனவன் அவன். ஆனால் அவள் திரும்பி வந்ததும் ‘தேவி’ என்று கூப்பிட ஆரம்பிக்கிறான். நடந்ததை அவள் சொல்ல வரும்போது, போனதை விடு என்று வாயை அடைக்கிறான். முன்பு அடித்தவன், இப்போது அடிப்பதில்லை. அவளுக்கு வேண்டியதோ கேரட்டுக்குச் சண்டை போட்டு முள்ளங்கிக்குச் சமாதானமாகும் பழைய லாஜோவாக இருப்பது. லாஜ்வந்தி என்றால் தொட்டாற்சுருங்கி. தலைப்பை மறந்துவிட்டுப் படித்தால் சுபமுடிவு மாதிரிதான் தெரியும்.

கேள்வி: ‘பிஞ்சர்’ பூரோ, தன்னைக் கடத்தியவனோடே இருந்துவிடுகிறாள். இது நம்பும்படியாகவா இருக்கிறது?

கதையை முதலிலிருந்து வரிசைப்படுத்திப் பாருங்கள். இந்துப் பெண்ணான அவளை ரஷீத் கடத்துவது பிரிவினைக்குப் பல ஆண்டுகள் முன்பு, குடும்பப் பகையில். தப்பி ஓடி வந்தவளைப் பெற்றவர்களே வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். அப்புறம்தான் கையில் ‘ஹமீதா’ என்று பச்சை குத்தப்படுகிறது. 1947இல் வீட்டுக்கதவு திறக்கும்போது அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான்.

அன்றைய சட்டத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடத்தப்பட்ட பெண்களை மீட்க 1947 டிசம்பரில் இரு நாடுகளும் உடன்பட்டன. 1949இல் இந்தியா தனிச் சட்டமே போட்டது. 1947 மார்ச் 1க்குப் பிறகு குடும்பத்தைப் பிரிந்து வேறொருவர் வீட்டில் இருக்கும் முஸ்லிம் பெண், எந்த வயதானாலும், ‘கடத்தப்பட்டவர்’. அவளுக்கு அங்கே பிறந்த குழந்தையும் அப்படியே. போலீஸ் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையலாம். அவள் சம்மதத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. மீட்கப்பட்டவர்கள் இரு பக்கமும் சேர்த்துச் சுமார் 30,000 பேர் என்பார்கள். பூரோ ‘இல்லை’ என்று சொல்வதன் கனம் இந்த இடத்தில்தான் தெரியும்.

கேள்வி: ‘தமஸ்’ நாவலில் பெண்கள் கிணற்றில் குதிப்பதைத் தியாகம் என்று எடுத்துக்கொள்வதா?

நாவலை எழுதிய பீஷ்ம சாஹ்னி ராவல்பிண்டிக்காரர். 1947 மார்ச்சில் அந்த மாவட்டத்துத் தோஹா கால்சா கிராமத்தில், கலவரக்காரர் கையில் சிக்காமலிருக்க, சுமார் 90 பெண்கள் கிணற்றில் குதித்தார்கள். நாவல் அந்தக் காட்சியைப் பரவச மொழியில் எழுதுகிறது. அதன் பலமும் அதுதான், உறுத்தலும் அதுதான். பிரிவினை ஆய்வாளர் ஊர்வசி புட்டாலியா தொகுத்த வாய்மொழிகளையும் சேர்த்துப் படியுங்கள். கிணறு உடல்களால் நிரம்பியதால் மூழ்காமல் பிழைத்த பெண்ணும் அதில் பேசுகிறார். தியாகம் என்ற சொல்லுக்குள் அவர் எங்கே நிற்பார்?

கேள்வி: எல்லாமே பஞ்சாப்தானா?

வங்காளத்துக்கு ஜோதிர்மயி தேவியின் ‘ஏபார் கங்கா ஓபார் கங்கா’ நாவல். அதன் நாயகி சுதாரா 1946 நவகாளிக் கலவரத்தில் பெற்றோரை இழக்கிறாள். அடைக்கலம் தருவது பக்கத்து முஸ்லிம் வீடு; தீட்டு என்று ஒதுக்குவது கல்கத்தாவில் சொந்தக்காரர் வீடு. அவளுக்கு நடந்ததை நாவல் கடைசிவரை வெளிப்படையாகச் சொல்வதே இல்லை. தொடராக வந்தபோது அதன் பெயர், மகாபாரதத்தை நினைத்து, ‘சரித்திரத்தில் ஸ்த்ரீ பர்வம்’ என்ற பொருளில் இருந்தது.

கேள்வி: இந்தப் பின்னணியில் ஒரு கதை எழுதுகிறேன். எங்கே சறுக்குவேன்?

முதலில் தேதியில். எல்லைக்கோடு வெளியானது 1947 ஆகஸ்ட் 17. சுதந்திர தினத்தன்று லாகூர்க்காரி ‘எல்லையைத் தாண்டினேன்’ என்று சொன்னால் பிழை. 1949 சட்டம் பஞ்சாப், டெல்லி, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கம்தான் செல்லுபடியானது. ஆகவே கல்கத்தா வீட்டுக் கதவை மீட்பு போலீஸ் தட்டக்கூடாது. துப்பட்டா போடும் விதம்கூட மதத்தைக் காட்டும். சுந்தர்லால் மனைவியைப் பார்த்ததும் கவனிப்பது அதைத்தான். வன்முறைக் காட்சியை நீட்டாதீர்கள். மண்ட்டோ அந்த எட்டுப் பேர் செய்ததை ஒரு வரிகூட எழுதவில்லை.