ஆர்டுயினோ போர்டின் ஒரு பின்னில் (வயர் செருகும் முனையில்) எவ்வளவு கரண்ட் எடுக்கலாம்?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் தொட்டி நிறைந்ததும் கிணற்று மோட்டார் தானாக நிற்கிற மாதிரி ஆர்டுயினோ ஊனோ என்கிற சின்ன கண்ட்ரோலர் போர்டை வைத்துச் செய்தேனுங்க. 5 வோல்ட் ரிலேயை (சின்ன கரண்டில் இயங்கும் சுவிட்ச்) நேராக 7ஆம் பின்னில் கொடுத்தேன். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, இப்போது அந்தப் பின் செத்துவிட்டது. ஒரு பின்னுக்கு 40 மில்லி ஆம்பியர் என்று சிப்பின் டேட்டாஷீட்டில் (தயாரித்தவர்கள் தரும் விவரத் தாளில்) போட்டிருக்கிறதே, அப்புறம் ஏன்?
- ஒரு வாசகர், பல்லடம்

பதில்: அந்த 40 எந்த அட்டவணையில் இருக்கிறது என்று இன்னொரு தடவை பாருங்க. தாண்டினால் சிப் கெட்டுப்போகலாம் என்கிற எல்லைக்கோடு அது. அந்த அளவிலேயே நாள் முழுக்க ஓட்டலாம் என்று தயாரித்தவர்கள் சொல்லவே இல்லை, எல்லையை ஒட்டி வெகுநேரம் வைத்திருந்தாலும் சிப் கெடலாம் என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள். ஒரு பின்னுக்கு 20க்குள் வைத்துக்கொள்ளுங்க. மொத்தச் சிப்புக்கும் 200தான் எல்லை.

உங்கள் ரிலேயின் காயிலை (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை) மீட்டரில் அளந்தால் 70 ஓம் அளவில் காட்டும். அப்படியென்றால் 5 வோல்ட்டில் அது கேட்பது 70 மில்லி ஆம்பியருக்கு மேல். அவ்வளவையும் அந்தப் பின் தர முடியாமல் வோல்ட்டேஜ் 4க்குக் கீழே இறங்கியிருக்கும், ரிலே எப்படியோ இழுத்துக்கொண்டது, நீங்களும் சரியாக ஓடுகிறது என்று நம்பிவிட்டீர்கள். அதைவிட மோசம், ரிலே ஆஃப் ஆகிற ஒவ்வொரு முறையும் காயில் அந்தப் பின்னை மைனஸ் பக்கம் இழுத்திருக்கும். சிப் தாங்குவது மைனஸ் அரை வோல்ட் வரைதான்.

புது போர்டில் நடுவே ஒரு 2என்2222 டிரான்சிஸ்டர் (சின்ன கரண்டால் பெரிய கரண்டைக் கட்டுப்படுத்துவது) போடுங்க, பின்னுக்கும் அதன் பேஸ் என்கிற காலுக்கும் இடையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். பின்னிலிருந்து 5 மில்லி ஆம்பியர்கூடப் போகாது. பிசி547 டிரான்சிஸ்டர் போட்டாலும் ஓடும், ஆனால் அதன் எல்லையே 100 மில்லி ஆம்பியர் என்பதால் எனக்கு அதில் மனசு ஒப்பாது. காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடுவது), கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். ஆஃப் ஆகும்போது காயில் கொடுக்கிற உதையை இதுதான் அடக்கும், இதை மட்டும் விட்டுவிடாதீங்க. ரிலேக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுத்தால் இரண்டின் கிரவுண்டையும் சேர்த்துவிடுங்க.

அப்புறம் உங்கள் மோட்டார் மூன்று ஃபேஸ் என்றால் ஸ்டார்ட்டர் காயிலைப் பாருங்க, பெரும்பாலும் 415 வோல்ட்டாக இருக்கும். ரிலேயின் மேலே 250 வோல்ட் ஏசி என்று போட்டிருந்தால் அதுவும் எல்லைதான், நேராகக் கொடுக்காதீங்க. நடுவே 230 வோல்ட் காயில் உள்ள சின்னக் காண்டாக்டர் (ரிலே மாதிரியே, அதிக வோல்ட்டேஜ் தாங்குவது) ஒன்று வேண்டும், அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்க.