மலைச் செம்மறி வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கிறேன். துவக்கு வைத்திருக்கும் லைசன்ஸ், வேட்டைப் பாடம் எல்லாம் முடித்தாயிற்று. நண்பர்களோடு மான் வேட்டைக்குப் போயிருக்கிறேன். அடுத்த சீசனில் ராக்கி மலையில் பிக்ஹார்ன் என்கிற மலைச் செம்மறிக் கிடா வேட்டைக்குப் போக ஆசை. வேலையிடத்தில் ஒருவர் .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவுக்கான துப்பாக்கி இல்லாமல் மலைப்பக்கமே போகாதே என்கிறார். கடைக்காரர் 6.5 கிரீட்மோர் என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னுடைய பழைய .270-ஐ எடுத்துக் காட்டுகிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், கால்கரி

பதில்: பெரியவர் பேச்சைக் கேளுங்கள். கடைக்காரர் சொல்வதிலும் தப்பில்லை. மேக்னம்காரரை மட்டும் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

.270 வின்செஸ்டர் 1925-இல் அந்த நிறுவனத்தின் மாடல் 54 துப்பாக்கியோடு வந்த தோட்டா. அவுட்டோர் லைஃப் பத்திரிகையில் துப்பாக்கிப் பகுதியைப் பல காலம் பார்த்துக்கொண்ட ஜாக் ஓ'கானர் அதை மலைச் செம்மறி வேட்டையோடு சேர்த்தே எழுதி எழுதி வட அமெரிக்கா முழுக்கப் பரப்பினார், அவர் 1978-இல் காலமான பிறகும் அந்தப் பேர் போகவில்லை. போகாததற்குக் காரணம் பழைய பாசம் அல்ல, கணக்கு. 130 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு குழலை விட்டு நொடிக்கு ஏறக்குறைய 3,060 அடி வேகத்தில் கிளம்புகிறது. 200 கஜத்துக்கு ஜீரோ வைத்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்தால், 300 கஜத்தில் ஆறு ஏழு அங்குலம்தான் இறங்கும், 400 கஜத்தில் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே. 6.5 கிரீட்மோரில் 143 கிரெய்ன் குண்டு 2,700 அடி வேகத்தில் போகிறது, 400 கஜத்தில் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். வித்தியாசம் நாலைந்து அங்குலம். கையில் தூரம் அளக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் இருந்து, உங்கள் தோட்டா எங்கே எவ்வளவு இறங்கும் என்ற சீட்டு துப்பாக்கிக் கட்டையில் ஒட்டியிருந்தால் அது ஒரு பிரச்சினையே இல்லை.

இப்போது .300 மேக்னம். மூஸ், எல்க் போன்ற பெரிய மிருகங்களுக்கு அருமையான தோட்டா, மறுக்கவில்லை. ஆனால் பிக்ஹார்ன் கிடா எவ்வளவு பெருத்தாலும் 130, 140 கிலோதான். நெஞ்சுக்கூட்டில் சரியாகப் பட்டால் .270-க்கும் அது விழும், 6.5-க்கும் விழும். மலைக்குத் தூக்கிப் போவதற்காக இளைத்துச் செய்த துப்பாக்கியில் மேக்னம் தோட்டா தோளில் உதைக்கும் உதை, 6.5 கிரீட்மோரைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. அந்த உதைக்குப் பயந்து விசையை இழுக்கிற நொடியில் கண் மூடும், தோள் முன்னால் தள்ளும், குண்டு வயிற்றில் போய் விழும். வயிற்றில் அடிபட்ட கிடா பாறை பாறையாகத் தாவி நீங்கள் போகவே முடியாத இடத்தில் போய்ச் சாகும். அது அந்த மிருகத்துக்குச் செய்கிற துரோகம். உதையைக் குறைக்கக் குழல் முனையில் மஸில் பிரேக் மாட்டலாமே என்பார்கள். மாட்டலாம். ஆனால் சத்தம் பக்கத்தில் படுத்திருப்பவர் காதைப் பிளந்துவிடும், அவசரத்தில் காதடைப்பு போட யாருக்கும் நேரம் இருக்காது.

நீங்கள் மான் வேட்டைக்கு எதை எடுத்துப் போனீர்கள் என்று எழுதவில்லை. அது .308 அல்லது .30-06 என்றால் புதிதாக எதுவுமே வாங்க வேண்டாம், அந்தப் பணத்தை நல்ல மலை பூட்ஸிலும் நல்ல பைனாகுலரிலும் போடுங்கள். செம்மறி வேட்டை முக்கால்வாசி கண்ணால் செய்கிற வேலை. ஆல்பர்ட்டாவின் பெரும்பாலான பகுதிகளில் எந்தக் கிடாவையும் சுட்டுவிட முடியாது. பக்கவாட்டில் பார்க்கும்போது கொம்பின் அடிப்பாகத்து முன்நுனியிலிருந்து கொம்பு முனைக்கு ஒரு நேர்கோடு இழுத்தால் அந்தக் கோடு கண்ணின் முன்விளிம்பைத் தாண்ட வேண்டும், சில பகுதிகளில் கொம்பு முழு வட்டமே சுற்றியிருக்க வேண்டும். கிடா தலையைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தால் அது எழுந்து பக்கவாட்டில் நிற்கும்வரை குளிரில் காத்துக் கிடக்கத்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் சுடக் கூடாது. விதிகளை ஒவ்வொரு வருடமும் புதுசாகப் படியுங்கள், மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கேள்வி: 2.2 கிலோவில் ஒரு மலைத் துப்பாக்கி பார்த்தேன். விலை கண்ணைக் கட்டுகிறது. ஆனால் முதுகில் பத்து நாள் சாமான் சுமக்கும்போது ஒவ்வொரு கிராமும் கணக்கு இல்லையா?
– வாசகர், பிரின்ஸ் ஜார்ஜ்

பதில்: சுமப்பதற்கு லேசு, சுடுவதற்குக் கஷ்டம், இதுதான் விஷயம். கிம்பர் மவுன்டன் அசென்ட் அந்த எடைக்குத்தான் வருகிறது, வேலைப்பாடும் நன்றாகவே இருக்கும். ஆனால் செங்குத்தாக ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, அவ்வளவு லேசான துப்பாக்கியில் உங்கள் நாடித்துடிப்பே ஸ்கோப்பின் குறுக்குக் கம்பியை ஆட்டிவைக்கும். என்னைக் கேட்டால் ஸ்கோப், வார், தோட்டா எல்லாம் சேர்த்து மூன்றேகால், மூன்றரைக் கிலோ நல்ல இடம். பின்லாந்தில் சாக்கோ கம்பெனி செய்கிற டிக்கா டி3எக்ஸ் லைட் ஏறக்குறைய 2.9 கிலோ, அரைக் கிலோவுக்குள் ஒரு ஸ்கோப் போட்டால் கணக்கு சரியாகிவிடும், விலையும் கிம்பரைவிட எவ்வளவோ குறைவு. கனடிய ராணுவத்தின் வடக்குப் பகுதிக் காவல் படையான ரேஞ்சர்கள் பழைய லீ-என்ஃபீல்டு துப்பாக்கியை விட்டுவிட்டு வாங்கிக்கொண்ட சி19 துப்பாக்கியும் இந்த டிக்கா குடும்பம்தான், ஆர்க்டிக் குளிருக்கென்று தேர்ந்தெடுத்தது.

எடையைவிட முக்கியமாக இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஸ்டெயின்லெஸ் குழலும் சிந்தெடிக் கட்டையும். வடக்கே மலையில் மழை நாள் கணக்கில் பெய்யும், மரக்கட்டை தண்ணீர் குடித்து ஊதி குழலை அழுத்தினால் நீங்கள் ஊரில் வைத்த ஜீரோ அங்கே இருக்காது. இரண்டு, குழல் வாயில் ஒரு துண்டு எலக்ட்ரிக் டேப். பாறையில் ஊன்றி ஏறும்போது சேறோ பனியோ உள்ளே போகாமல் தடுக்கும், சுடும்போது பிரிக்க வேண்டியதில்லை, அதன் வழியாகவே சுடலாம். நாலு காசு டேப், அது இல்லாமல் நான் யாரையும் மலைக்கு அனுப்பமாட்டேன்.

கேள்வி: யூகானில் டால் செம்மறி வேட்டை. கிரிஸ்லி கரடி நடமாடும் இடம். கரடிக்காகவாவது பெரிய தோட்டா வேண்டாமா?
– வாசகர், வைட்ஹார்ஸ்

பதில்: கரடிக்காகத் தோட்டாவைப் பெரிதாக்குவதைவிடக் கரடி ஸ்ப்ரேயை (கரடியை விரட்டும் மிளகாய்க் காரல் ஸ்ப்ரே) இடுப்பில், கை எட்டுகிற இடத்தில் வைப்பது மேல். பைக்குள் இருக்கிற ஸ்ப்ரே இல்லாத மாதிரிதான். ஆபத்து அதிகம் வருவது இறைச்சியை விட்டுவிட்டு மறுநாள் எடுக்கத் திரும்பும்போது. அதனால் முதல் நாளே இறைச்சியைக் குடல் கிடக்கும் இடத்திலிருந்து தள்ளி, தூரத்திலிருந்தே தெரிகிற வெட்டவெளியில் வையுங்கள். திரும்பும்போது மேட்டில் நின்று பைனாகுலரில் நன்றாகப் பார்த்துவிட்டு, சத்தம் போட்டுக்கொண்டே இறங்குங்கள். தோட்டா விஷயத்தில் ஒன்று மட்டும் செய்யலாம்: பட்டவுடன் சிதறிப்போகாத கெட்டியான குண்டு, நோஸ்லர் பார்ட்டிஷன் அல்லது முழுச் செம்பில் வரும் பார்ன்ஸ் மாதிரி. கிடாவுக்கும் அது நல்லது, எலும்பில் பட்டாலும் உள்ளே போகும். அப்புறம், விமானத்தில் வரும் உங்கள் நண்பர்களுக்குச் சொல்லிவையுங்கள்: தோட்டா ஆளுக்கு 5 கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள், பெட்டி தொலைந்தால் சின்ன ஊர்க் கடையில் .270, .308, .30-06 கிடைக்க வாய்ப்பு உண்டு, புதுசாக வந்த விசேஷத் தோட்டா கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: நீலகிரி வரையாடும் இதே மாதிரி மலை ஆடுதானே, அதை அந்தக் காலத்தில் சுட்டார்களாமே?
– வாசகர், கோவை

பதில்: வெள்ளைக்காரர் காலத்தில் சுட்டார்கள், அதனாலும் அது அருகிப்போனது. இன்றைக்கு அது தமிழ்நாட்டின் மாநில விலங்கு, 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கேமராவில் மட்டும் சுடுங்கள். மேலே பேசிக்கொண்டிருக்கும் செம்மறியும் அது இல்லை, வேறு இனம்.

கேள்வி: மேலிருந்து கீழே சுடும்போது குண்டு ஆட்டின் முதுகுக்கு மேலே போய்விடுகிறது என்கிறார்கள். ஏன்?
– வாசகர், எட்மன்டன்

பதில்: குண்டை இறக்குவது பூமியின் இழுப்பு, அது கணக்கில் எடுத்துக்கொள்வது சரிவான தூரத்தை அல்ல, கிடைமட்டத் தூரத்தை. 30 டிகிரி சரிவில் ரேஞ்ச்ஃபைண்டர் 400 கஜம் காட்டினால் நீங்கள் 346 கஜத்துக்குத்தான் குறிவைக்க வேண்டும். 400 என்று நினைத்து ஸ்கோப்பைத் திருப்பினால் ஏழெட்டு அங்குலம் மேலே போகும். கீழேயிருந்து மேலே பார்த்துச் சுட்டாலும் இதே கணக்குதான். கோணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தரும் ரேஞ்ச்ஃபைண்டர் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். செங்குத்தாகக் கீழே சுடும்போது குண்டு உடம்புக்குள் சாய்வாகப் போகும், அதனால் எங்கே நுழைகிறது என்பதைவிட எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று பார்த்து வையுங்கள். காற்று இதைவிடப் பொல்லாதது. மணிக்கு 10 மைல் வேகப் பக்கக்காற்று 400 கஜத்தில் குண்டை ஏறக்குறைய ஓரடி தள்ளிவிடும், பள்ளத்தாக்கின் நடுவில் அது எப்படி அடிக்கிறது என்று உங்கள் கன்னத்தில் படும் காற்று சொல்லாது, எதிர்ச்சரிவில் புல் சாய்வதைப் பாருங்கள். புல்லும் புரியவில்லை என்றால் 300 கஜத்துக்குள் நெருங்க வழி தேடுங்கள். ரேஞ்சில் மேஜைமேல் வைத்துச் சுட்டது போதும், முதுகுப்பையைத் தரையில் போட்டு அதன்மேல் துப்பாக்கியை வைத்து, ஒரு மேட்டில் ஓடி ஏறி இறங்கிய மூச்சோடு, குளிர்ந்த குழலில் முதல் ஒரு குண்டு மட்டும் சுட்டுப் பாருங்கள். அந்த ஒரு குண்டு எந்தத் தூரம்வரை தவறாமல் எட்டங்குல வட்டத்துக்குள் விழுகிறதோ, மலையில் உங்கள் தூரம் அதுதான்.