நகரத் திட்டமிடலுக்கும் பணபலத்துக்கும் என்ன தொடர்பு?

எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, சாலை எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் நகரத் திட்டமிடல். நிலத்தின் விலையை இந்த முடிவுகளே ஏற்றி இறக்குகின்றன. வீட்டில் சாவிக்கொத்து யார் கையிலோ, அவர் சொன்னபடிதான் அறைகள் திறக்கும், அப்படித்தான் இதுவும்.

தென்னாப்பிரிக்காவிலுள்ள எங்கள் டர்பன் நகரையே பாருங்கள். நகரின் கேட்டோ மேனர் பகுதியில் நிலம் வாங்கி, காய்கறித் தோட்டம் போட்டு, கோயில் கட்டி வாழ்ந்த நம் இந்திய வம்சாவளி மக்களை, எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்த 1950இன் குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில், இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அரசு பெயர்த்தது. கேட்டோ மேனரில் இருந்த ஆப்பிரிக்கர்களை, அவர்களுக்கென ஒதுக்கிய குவாமாஷுவுக்கு அனுப்பியது. போனது வீடு மட்டுமா? சேர்த்த சொத்து, கூட்டுக்குடும்பம், அக்கம்பக்கம் எல்லாம் கலைந்தன. பெரிய அநியாயம் அது.

1991இல் அந்தச் சட்டம் நீங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் வீடுகளும் சாலைகளும் பெரும்பாலும் அந்தப் பழைய வரைபடத்தின்படியேதான் இன்றும் இருக்கின்றன.