எழுத்து ஒப்பந்தம் இல்லை. பில் பாக்கியை வசூலிக்க முடியுமா?

கேள்வி: நான் தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர். ஒரு நிறுவனத்துக்கு லோகோவும் இணையதளப் பக்கங்களும் வடிவமைத்துக் கொடுத்தேன். பில் தொகை 1,80,000 ரூபாய். முன்பணமாக 60,000 ரூபாய் தந்தார்கள். வேலை முடிந்து ஓராண்டு ஆகியும் மீதி வரவில்லை. ‘அடுத்த மாதம் தந்துவிடுகிறோம்’ என்று மின்னஞ்சல் அனுப்பியவர்கள், இப்போது ‘வடிவமைப்பு திருப்தியாக இல்லை’ என்கிறார்கள். ஆனால் அதே லோகோவைத்தான் பயன்படுத்துகிறார்கள். எழுத்து ஒப்பந்தம் போடவில்லை. தொழில் தொடங்கியபோதே, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உதயம் பதிவைச் செய்துவிட்டேன். போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போலீஸ் வேண்டாம். கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காதது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகிவிடாது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். முன்பணம் தந்தவர்கள் மீது அதை நிறுவுவது கடினம்.

ஒப்பந்தத் தாள் இல்லையே என்று கலங்காதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 70ஆம் பிரிவு. உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான ஆயுதம் அந்த மின்னஞ்சல்தான். கடனை ஒப்புக்கொண்டு அவர்களே எழுதிய எழுத்து அது. வழக்குத் தொடர வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் உண்டு. அதற்குள் கிடைத்த எழுத்து ஒப்புதல், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகளைத் தரும். எனவே ஒரு செய்தியையும் அழிக்காதீர்கள். பழைய கைபேசியை மாற்றுவதாக இருந்தால், முதலில் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள்.

உதயம் பதிவு முன்பே இருப்பதால், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. ‘திருப்தியில்லை’ என்ற சாக்குக்கும் அதிலேயே பதில் இருக்கிறது. வேலையை ஒப்படைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். பணம் தரும் தேதி பேசப்படவில்லை என்றால், ஏற்ற நாளிலிருந்து 15 நாட்களுக்குள் தந்தாக வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ‘வங்கி விகிதம்’ (Bank Rate) என்ற வட்டி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும்.

இதற்கென உள்ள குறு, சிறு நிறுவன வசதியாக்கல் மன்றத்தில் மனு கொடுங்கள். எதிர்த்தரப்பு இந்தியாவில் எங்கே இருந்தாலும் உங்கள் பகுதி மன்றமே விசாரிக்கலாம். முதலில் சமரசம் பேசுவார்கள். பலிக்காவிட்டால் நடுவர் விசாரணை. தீர்ப்பை எதிர்த்து நிறுவனம் நீதிமன்றம் போனால், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இழுத்தடிப்பவர்களுக்கு இது பெரிய தடை.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. நீங்கள் அவர்களுடைய ஊழியர் அல்ல. கையெழுத்திட்டு எழுத்து மூலம் மாற்றித் தராதவரை அந்த லோகோவின் பதிப்புரிமை பொதுவாக உங்களிடமே இருக்கும். வழக்கறிஞர் மூலம் அனுப்பும் நோட்டீசில் இதை அழுத்தமாக எழுதச் சொல்லுங்கள். ஆனால், கோபத்தில் அவர்களுடைய இணையதளத்தை முடக்கிவிடாதீர்கள். நியாயம் முழுவதும் உங்கள் பக்கம் இருக்கும்போது, நஷ்டஈடு கேட்க அவர்களுக்கு நீங்களே வழி செய்து கொடுப்பானேன்?

இந்த வாரமே பில், மின்னஞ்சல்கள், லோகோ பயன்பாட்டில் இருப்பதைக் காட்டும் படங்கள் ஆகியவற்றுடன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்; பணம் கட்டக் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். நோட்டீஸ் போனதும் ஒரு சிறு தொகையை நீட்டி, ‘இனி பாக்கி எதுவும் இல்லை’ என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்கக்கூடும். பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அது பகுதித் தொகை மட்டுமே என்று மின்னஞ்சலில் தெளிவாகப் பதில் போடுங்கள். அந்தத் தாளில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.