இரவில் வாசல் திறப்பு யாரிடம் இருக்கும்?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வயது 47. 1995 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவள். காணி உறுதி விடயமாக ஓகஸ்டில் நான்கு நாள் தனியாகப் போகிறேன். நல்லூர்ப் பக்கம், பழைய வீடொன்றைத் திருத்தி நடத்தும் ஆறு அறை 'பூட்டிக் ஹோட்டல்' ஒன்றில் செயலி மூலம் அறை பதிந்தேன். இரவுக்கு 15,000 ரூபா. மறுநாளே அங்கிருந்து வாட்ஸ்அப்பில் ஒருவர், "அக்கா, அதை ரத்துச் செய்துவிட்டு நாலு நாள் காசையும் நேரே எங்கள் கணக்குக்குப் போடுங்கோ, இரவுக்கு 2,000 குறைக்கிறோம்" என்கிறார். போடலாமா? தனியாக வரும் பெண் என்றால் ஏதும் கரைச்சல் தருவார்களா? மானிப்பாயில் சித்தப்பா இருக்கிறார். தன் வீட்டில் தங்கவில்லை என்று ஏற்கெனவே கோபம்.

பதில்: காசைப் போடாதீர்கள். செயலியில் இருக்கும் பதிவையும் தொடாதீர்கள். அதைச் செய்துவிட்டு மீதியை ஆறுதலாக வாசியுங்கள்.

அவர் கள்ளர் என்று நான் சொல்ல வரவில்லை. செயலிக்காரர் பொதுவாக 15 சதவீதமளவில் கமிஷன் எடுப்பார்கள். 15,000 ரூபாவில் அது 2,250. அதில் 2,000ஐ உங்களுக்கு விட்டுத் தருகிறார் என்றால் அவருக்கு மிஞ்சுவது 250 ரூபா. இந்த 250க்காகவா ஒருவர் இத்தனை மெனக்கெடுகிறார்? இல்லை. ஓகஸ்டில் வரவேண்டிய காசு இன்றைக்கே கைக்கு வருகிறது, எந்தக் கணக்கிலும் ஏறாமல் வருகிறது. இருபத்திரண்டு வருடம் ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருந்தவன் நான். முதலாளி சொல்லி இதே செய்தியை நானும் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன், அதனால் தெரியும்.

நீங்கள் ரத்துச் செய்த நிமிடமே செயலிக்கு நீங்கள் யாரோ ஒருவர். போய் இறங்கும்போது "அறை இல்லையே அக்கா" என்றால் உங்கள் கையில் இருப்பது யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் காசு போட்ட வங்கித் துண்டு மட்டும்தான். நேரே கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு இரவுக் காசை மட்டும் கொடுங்கள். ஹோட்டலின் பெயரிலுள்ள கணக்குக்குப் போடுங்கள். திகதி, அறை, தொகை மூன்றும் எழுதிய பற்றுச்சீட்டு வந்த பிறகுதான் மற்றப் பதிவை ரத்துச் செய்ய வேண்டும். அப்புறம் இன்னொன்று: "உங்கள் அட்டையைச் சரிபார்க்க இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று செய்தி வந்தால், அது செயலிக்குள்ளேயே ஹோட்டலின் பெயரில் வந்திருந்தாலும் அழுத்தாதீர்கள். ஹோட்டல்களின் கணக்கைத் திருடி உள்ளே புகுந்து இப்படி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஹோட்டலுக்கு போன் எடுத்துக் கேளுங்கள்.

கரைச்சல் பற்றிக் கேட்டீர்கள். தனியாக வரும் பெண் யாரையாவது கூட்டிவர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அடையாள அட்டையைப் பார்ப்பார்கள், பிரதி எடுப்பார்கள். பிரதியின் குறுக்கே திகதியையும் 'அறைப் பதிவுக்கு மட்டும்' என்பதையும் எழுதிக் கொடுங்கள். மூல அட்டையை விட்டுவிட்டு மேலே போகாதீர்கள். "தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் விடுப்பு அறியும் ஆசைதான். "காணி அலுவல்" என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் காணி என்றால் அதற்கு மேல் ஒருவரும் கேட்கமாட்டார்கள், தங்கள் காணிக் கதையைத்தான் தொடங்குவார்கள்.

நீங்கள் உண்மையில் கேட்டிருக்க வேண்டியது வேறு. பெரிய ஹோட்டலில் விடிய விடிய ஒருவர் வரவேற்பில் நிற்பார். ஆறு அறை வீட்டில் முதலாளி கனடாவில், அல்லது லண்டனில். இங்கே ஒரு பெடியன் பார்த்துக்கொள்வான். இரவு பத்து மணிக்கு அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் நீங்களும், பக்கத்து அறையில் யாரோவும், ஒரு நாயும். ஆகவே இப்போதே போனில் கேளுங்கள்: இரவில் அங்கே படுப்பது யார்? வாசல் திறப்பு யாரிடம்? இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எந்த இலக்கத்தை எடுப்பார்கள்? "ஒண்டும் பயமில்லை அக்கா, இது நல்ல ஏரியா" என்ற பதில் வந்தால், அங்கே இரவில் ஒருவரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீடு என்கிறீர்கள். எங்கள் பழைய வீடுகளில் அறைக்கு அறை உட்கதவு இருக்கும். ஹோட்டலாக்கும்போது அதைச் செங்கல் வைத்து அடைப்பவர்கள் குறைவு. முன்னால் ஒரு அலுமாரியை இழுத்துவிட்டு, அல்லது திரைச்சீலை போட்டுவிட்டு விடுவார்கள். அறைக்குள் போனதும் அலுமாரிக்குப் பின்னால் பாருங்கள், சீலையை விலக்கிப் பாருங்கள். கதவு இருந்தால் உங்கள் பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, அது பூட்டில் முட்டாமல் முழுதாக விழுகிறதா என்று இரண்டு தரம் போட்டுப் பாருங்கள். அறையின் பெரிய கதவு இரட்டைக் கதவு என்றால், வெளியே ஆமத்துப்பூட்டு போட மட்டும் கொளுக்கி வைத்துவிட்டு உள்ளே ஒன்றுமே வைக்காத இடங்களையும் கண்டிருக்கிறேன். யன்னல் விறாந்தைப் பக்கம் திறந்தால் இரவில் கொண்டியைப் போடுங்கள். மின்விசிறி காணும். பிடிக்கவில்லையா, பையைத் திறக்க முதல் அறையை மாற்றக் கேளுங்கள். உடுப்பை எடுத்து மாட்டிய பிறகு ஒருவரும் மாற்றித் தரமாட்டார்கள்.

'பூட்டிக்' என்ற சொல்லை நம்பி ஒன்றும் செய்யாதீர்கள். பழைய இலங்கை ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தெருவோரப் பெட்டிக்கடை என்றுதான் அர்த்தம். இன்றைக்கு அது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை பதிவு செய்யும் ஒரு வகை. அந்த வகைக்கு விதிகள் இருக்கின்றன. ஆனால் பலகை எழுதுபவருக்கு விதி இல்லை. சுவருக்கு வெள்ளை அடித்து, முற்றத்தில் இரண்டு செம்பருத்தி வைத்தால் பூட்டிக். இதை உள்ளூரில் விசாரிக்கலாம் என்றால், நல்லூர்க் கோயில் யாழ்ப்பாண மாநகர சபைக்குள், அடுத்திருக்கும் திருநெல்வேலி நல்லூர் பிரதேச சபைக்குள். அங்கே கேட்டால் இங்கே போ, இங்கே கேட்டால் கொழும்புக்கு எழுது என்பார்கள். அதிகார சபையின் இணையத்தளத்தில் பதிவுபெற்ற இடங்களின் பட்டியல் இருக்கிறது, பெயரைத் தேடுங்கள். முறைப்பாட்டுக்கு 1912 என்ற இலக்கமும் உண்டு. அவசரம் என்றால் அதை நம்பி நிற்காமல் 119.

15,000 என்பது முடிந்த விலையா என்பதையும் கேட்டுவிடுங்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம், வற் வரி 18 சதவீதம் என்று மேலே ஏறினால் 19,000ஐத் தாண்டிவிடும். வற் பதிவில்லாதவர் வற் அறவிட முடியாது. பில்லில் வற் இலக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இரவு பஸ்ஸில் வராதீர்கள். விடியப்புறம் இறக்கிவிடுவார்கள், அறை கிடைப்பது மத்தியானத்துக்குப் பிறகு. அந்த நேரத்தில் பையோடு நிற்கும் தனி ஆளைத்தான் ஓட்டோ தரகர் தேடுவார். "அங்கேயோ? அங்க தண்ணி இல்லையே அக்கா, நான் நல்ல இடம் காட்டுறன்" என்பார். அந்த நல்ல இடம் அவருக்குக் கமிஷன் கொடுக்கும், அந்தக் கமிஷன் உங்கள் பில்லில் ஏறும். ஓட்டோவில் ஹோட்டலின் பெயரைச் சொல்லவே சொல்லாதீர்கள். பக்கத்தில் உள்ள ஒரு சந்தியைச் சொல்லி இறங்குங்கள். காலையில் கொழும்பில் ஏறினால் பின்னேரம் வெளிச்சத்தோடு வந்துவிடலாம்.

ஓகஸ்ட் என்று எழுதினீர்கள், திகதி எழுதவில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள். 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். கலண்டரை எடுத்துப் பாருங்கள். அந்த நாட்களுக்குள் வருகிறீர்கள் என்றால் நான் மேலே சொன்ன ஒரு இரவு முற்பணக் கணக்கு செல்லாது. தேர் அண்டுகிற கிழமையில் வெளிநாட்டிலிருந்து குடும்பமாக வந்து ஆறு அறையையும் சேர்த்துக் கேட்பார்கள். அப்போது முதலாளி யாரை நகர்த்துவார்? நான்கு பேர் குடும்பத்தை நகர்த்தினால் நான்கு வாய் சத்தம் போடும். தனி ஆள்தான் லேசு. "அக்கா, உங்களுக்கு எங்கட மச்சான்ர வீட்டில நல்ல அறை" என்று கொக்குவிலுக்கு அனுப்பிவிடுவார்கள். நானும் அப்படி ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறேன். ஒன்றும் பேசாமல் போனார், அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஆகவே திருவிழா நாள் என்றால் விலை பேசாதீர்கள், நான்கு இரவுக் காசையும் செயலி வழியாகவே முன்கூட்டிக் கட்டிவிடுங்கள், வருவதற்கு மூன்று நாள் முன்பும் முதல் நாளும் போன் எடுத்து உங்கள் அறை எது என்று கேளுங்கள். கோயிலைச் சுற்றி வாகனம் விடமாட்டார்கள். பையை எங்கிருந்து இழுத்துவர வேண்டும் என்பதையும் அப்போதே கேளுங்கள். விடியற்காலை மணிக்கும் ஒலிபெருக்கிக்கும் நான் பொறுப்பில்லை.

சித்தப்பாவுக்கு ஹோட்டலின் பெயரையும் அறை இலக்கத்தையும் போய் இறங்கியவுடன் சொல்லிவிடுங்கள். முதல் நாள் இரவே அவரை அங்கு வரச் சொல்லி, விறாந்தையில் இருத்தி, அந்தப் பெடியன் பார்க்க ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். கோபத்தோடுதான் வருவார். பரவாயில்லை, வரட்டும்.